நீதிபதிகளின் பணி விதிகளைப் படியுங்கள்

ஒரு நாட்டில் நீதித்துறையின் சுதந்திரத்துக்கு ஆபத்து வருகிறதா என்று தெரிந்துகொள்ள அமைச்சர்களின் மேடைப் பேச்சைக் கவனித்துப் பெரிய பயன் இல்லை. தோற்ற வழக்கைப் பற்றி எந்த ஆளுங்கட்சியும் நல்லபடியாகப் பேசியதில்லை. கவனிக்க வேண்டியது நீதிபதிகளின் பணி விதிகளை. ஓய்வு வயது என்ன, இருக்கைகள் எத்தனை, நியமனக் கோப்பு எந்த மேசையில் தேங்குகிறது, எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகிறது, ஒழுங்கு நடவடிக்கை யார் கையில் இருக்கிறது என்பவைதான் அவை. படிக்க அலுப்பூட்டும் சமாச்சாரம். அதனாலேயே அங்கே கை வைத்தால் தெருவில் யாரும் இறங்க மாட்டார்கள்.

ஓய்வு வயதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹங்கேரி 2012 ஜனவரி 1 முதல் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்குக் குறைத்தது. மற்ற அரசு ஊழியர்களின் ஓய்வு வயதோடு ஒன்றாக்குகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 62-க்கும் 70-க்கும் இடையில் இருப்பவர்கள் யார்? மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தலைவர்கள், மூத்த அமர்வுகளை நடத்துபவர்கள். ஒரே திருத்தத்தில் நீதித்துறையின் மேல் அடுக்கு காலியாகிவிடும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் இது வயது அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் தலைமைப் பதவிகள் பலவற்றில் புதியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நீதிபதியாகத் திரும்பலாம், ஆனால் பழைய தலைமைப் பதவி காலியாக இருந்தால்தான் அது கிடைக்கும் என்ற நிலை. வழக்கில் ஜெயித்தும் நாற்காலி போனது போனதுதான்.

அதே நாளில் ஹங்கேரியின் உச்ச நீதிமன்றத் தலைவர் ஆண்ட்ராஷ் பாக்காவின் பதவியும் முடிந்தது. ஆறாண்டுப் பதவிக்காலத்தில் இன்னும் மூன்றரை ஆண்டு பாக்கி இருந்தது. நீதிமன்றத்துக்குப் புதிய பெயர் சூட்டி, பழைய அமைப்பு முடிந்துவிட்டது என்றார்கள். புதிய அமைப்பின் தலைவராக வர, ஹங்கேரியில் குறைந்தது ஐந்தாண்டு நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்ற தகுதியும் சேர்ந்தது. பாக்கா 17 ஆண்டுகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அந்த அனுபவம் கணக்கில் வராதபடி வாசகம் அமைந்திருந்தது. ஒரே ஒருவருக்காக எழுதப்படும் தகுதி விதிகளை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: அந்த விதியால் இன்று வெளியே போகிறவர்களின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். ஒரே பெயர் வந்தால் காரணம் தேட வேண்டாம்.

போலந்து இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தது. உச்ச நீதிமன்றத்தின் ஓய்வு வயது 70-லிருந்து 65 ஆனது. 2018 ஜூலையில் 65-ஐத் தாண்டியிருந்த நீதிபதிகள் வெளியேற வேண்டும். யாராவது நீடிக்க விரும்பினால் குடியரசுத் தலைவரிடம் விண்ணப்பிக்கலாம். எந்த அளவுகோலில் அவர் முடிவெடுப்பார் என்று சட்டம் சொல்லவில்லை, மறுத்தால் முறையீடும் கிடையாது. வயதைக் குறைத்ததைவிட இந்த நீட்டிப்புப் பிரிவுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. வெளியே போனவர் போய்விட்டார். உள்ளே தங்கியவரோ, தன் அடுத்த ஆண்டுகள் யார் தயவில் இருக்கின்றன என்று தெரிந்தே தீர்ப்பு எழுத வேண்டும். தலைமை நீதிபதி மாவ்கோஜாத்தா கெர்ஸ்டோர்ஃப் தனது ஆறாண்டுப் பதவிக்காலம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது என்று சொல்லி வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது, ஆண்டு முடிவதற்குள் சட்டம் பின்வாங்கியது. ஹங்கேரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த இடைக்கால உத்தரவுதான். இறுதித் தீர்ப்பு வந்தது 2019 ஜூனில். அதுவரை காத்திருந்தால் நாற்காலிகள் நிரம்பியிருக்கும்.

எல் சால்வடோரில் 2021 ஆகஸ்ட் 31 அன்று நிறைவேறிய சட்டம் 60 வயதைத் தாண்டியவர்களையும் 30 ஆண்டு பணி முடித்தவர்களையும் ஓய்வுக்கு அனுப்பியது. நாட்டின் நீதிபதிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதிலும் வேண்டியவர்களை வைத்துக்கொள்ள விதிவிலக்கு உண்டு.

ஆக, இப்படி ஒரு மசோதா எந்த நாட்டில் வந்தாலும் மூன்று இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும். இப்போது பதவியில் இருப்பவர்களுக்கும் பொருந்துமா? விதிவிலக்கு தரும் அதிகாரம் யாரிடம், என்ன அளவுகோலோடு இருக்கிறது? காலியாகும் இடங்களை நிரப்பப் போவது யார்? நேர்மையான சீர்திருத்தம் என்றால் புதிதாக நியமிக்கப்படுபவர்களுக்கு மட்டும் பொருந்தும், அல்லது ஆண்டுக்குக் கொஞ்சமாகப் படிப்படியாக வயதை மாற்றும். விதிவிலக்கு வைக்காது.

இருக்கைகளைக் கூட்டுவது பழைய வித்தை, அதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அர்ஜென்டினா 1990-இல் உச்ச நீதிமன்றத்தை 5-லிருந்து 9 ஆக்கியது. வெனிசுவேலா 2004-இல் 20-லிருந்து 32 ஆக்கியது. அமெரிக்காவில் 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட், 70 வயதைத் தாண்டியும் விலகாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒருவர் வீதம் அதிகபட்சம் ஆறு பேரைச் சேர்க்க முயன்றார். செனட்டில் அவருடைய கட்சிக்கே மாபெரும் பெரும்பான்மை இருந்தும் 70-க்கு 20 என்ற வாக்கில் மசோதா குழுவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுச் செத்தது. சொந்தக் கட்சிக்காரர்கள் தடுத்தார்கள் என்பதுதான் அதில் நினைவில் வைக்க வேண்டியது. எண்ணிக்கை சாதாரணச் சட்டத்தில் இருக்கும் நாடுகளில் இந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது.

நியமனத்துக்கு வருவோம். இங்கே எதையும் செய்யாமலிருப்பதே ஆயுதம். கென்யாவில் நீதித்துறைப் பணி ஆணையம் 2019-இல் 41 பேரைப் பரிந்துரைத்தது. நியமிப்பது தவிர அதிபருக்கு வேறு வழியில்லை என்று நீதிமன்றம் சொல்லியும் இரண்டு ஆண்டு கோப்பு நகரவில்லை. அதற்குள் ஒருவர் இறந்துவிட்டார். 2021 ஜூனில் அதிபர் 34 பேரை நியமித்து ஆறு பேரை மட்டும் விட்டுவிட்டார். இந்தியாவில் நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் ஒரு பெயரை மறுபடியும் வலியுறுத்தி அனுப்பினால் அரசு ஏற்க வேண்டும் என்பது 1993, 1998 தீர்ப்புகளிலிருந்து வரும் நிலை. ஆனால் எத்தனை நாளைக்குள் என்று, நியமன நடைமுறையை வகுக்கும் நடைமுறைக் குறிப்பேட்டில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், வலியுறுத்திய பெயரை 3 முதல் 4 வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. விளைவு இல்லாத கெடுவை அலுவலகங்கள் எப்படி மதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 ஓய்வு வயது. பணி மூப்பு பதவியேற்ற தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. ஒரே பட்டியலில் போன ஐந்து பெயரில் மூன்றை இப்போதும் இரண்டை எட்டு மாதம் கழித்தும் நியமித்தால், பத்தாண்டு கழித்து யார் கொலீஜியத்தில் இருப்பார், யார் தலைமை நீதிபதி ஆவார் என்பது இன்றே மாறிவிடுகிறது. பட்டியலைப் பிரிப்பது தாமதத்தைவிடப் பெரிய தலையீடு. கொலீஜியத்தின் மீதும் குறை உண்டு: அது ஏன் ஒருவரைத் தேர்ந்தது, ஏன் ஒருவரை விட்டது என்று முழுக் காரணம் சொல்வதில்லை. காரணம் எழுதப்படாத இடத்தில் அரசு பிரித்தாலும் எதிர்த்துச் சொல்ல ஆதாரம் இருக்காது.

மூப்பு வரிசையை மீறுவது மட்டும் சத்தம் போடும். இந்தியாவில், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது 1973 ஏப்ரல் 24. மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நெருக்கடி நிலையில், 1976-இல், உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அவர்கள் சம்மதமில்லாமல் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். ஆட்கொணர்வு மனு உரிமை இடைநிறுத்தப்படலாம் என்ற தீர்ப்பில் தனியாக எதிர்த்து எழுதிய எச்.ஆர். கன்னா 1977 ஜனவரியில் தாண்டப்பட்டு விலகினார். மூப்பு விதி மடத்தனமான விதிதான். திறமையை அது பார்ப்பதில்லை. ஆனாலும் அதில் தேர்வு செய்ய யாருக்கும் இடமில்லை என்பதே அதன் பலம். பாகிஸ்தான் 2024 அக்டோபரில் 26-ஆவது திருத்தத்தின் வழியே மூத்தவர் ஒருவர் என்பதை மூத்த மூவரில் ஒருவர் என்று மாற்றி, தேர்வை 12 பேர் கொண்ட நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்தது. முதல் தடவையே மூன்றாம் இடத்தில் இருந்தவர் தலைமை நீதிபதி ஆனார். அவர் நல்ல நீதிபதியா என்பது வேறு விஷயம். அடுத்து வரும் மூவரும் தாங்கள் போட்டியில் இருக்கிறோம் என்று தெரிந்து வேலை செய்வார்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வழக்கு ஒதுக்கீடு. இதற்கு வெளியிலிருந்து அரசு வர வேண்டியதே இல்லை. இருபது நீதிபதிகள் இருக்கும் நீதிமன்றத்தில் பதினெட்டுப் பேர் நேர்மையானவர்கள் என்றாலும், முக்கியமான வழக்கு எப்போதும் மிச்சமுள்ள இருவரிடமே போகும்படி பார்த்துக்கொண்டால் போதும். இந்தியாவில் அமர்வுகளை அமைப்பதும் வழக்குகளை ஒதுக்குவதும் தலைமை நீதிபதியின் தனி அதிகாரம். 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைச் சந்தித்தது இதைப் பற்றித்தான். அடுத்த மாதமே எந்த வகை வழக்கு எந்த அமர்வுக்கு என்ற பட்டியல் நீதிமன்ற இணையதளத்தில் வெளியானது. ஆனால் அது வகையைத்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றினால், எப்போது பட்டியலிடுவது என்று முடிவெடுத்தால், அதற்குக் காரணம் பதிவாக வேண்டியதில்லை. ஒதுக்கும் அதிகாரம் கொலீஜியத்திடம் இருக்க வேண்டும் என்ற வாதத்தை 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

ஜெர்மனியில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சட்டப்படி தனக்குரிய நீதிபதியிடமிருந்து யாரையும் பறிக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சாசனத்தின் 101-ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில்: ஒவ்வொரு நீதிமன்றத்திலும் நீதிபதிகள் தேர்ந்தெடுத்த ஒரு குழு, ஆண்டு தொடங்குமுன்பே ஒதுக்கீட்டுத் திட்டத்தை எழுதி முடிக்கிறது. வழக்கின் வகை, பெயரின் முதல் எழுத்து, பதிவு எண் போன்ற பொதுவான அளவுகோல்கள்தான். ஆண்டு நடுவில் மாற்ற வேண்டுமென்றால் வேலைப்பளு, நீண்ட நாள் நோய், நீதிபதி மாற்றம் போன்ற காரணம் வேண்டும். யார் வேண்டுமானாலும் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதை மீறி வேறு அமர்வு விசாரித்தால் தீர்ப்பையே எதிர்க்க அது ஒரு காரணமாகும். வழக்கு வருவதற்கு முன்பே அது யாரிடம் போகும் என்று தெரிந்துவிடுவதால், பேரம் பேச நேரம் கிடைப்பதில்லை. கணினிக் குலுக்கலும் நல்ல வழிதான். அதில் கெடுவது இரண்டு இடம்: ‘அவசரம்’ என்று கையால் ஒதுக்கும் வழி, முந்தைய வழக்கோடு தொடர்புடையது என்று சொல்லி அதே அமர்வுக்கு இழுக்கும் வழி. இவை எத்தனை தடவை பயன்பட்டன என்ற எண்ணிக்கையை மாதாமாதம் வெளியிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பதவி நீக்கத்தில் இரண்டு விதமாகவும் கோணலாகலாம். இலங்கையில் அரசியல் சாசனத்தின் 107-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் நீதிபதியை நீக்க அதிபரைக் கோரலாம். 225 பேரில் 113. விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பது சட்டத்தில் இல்லாமல், நாடாளுமன்றம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட நிலையியற் கட்டளை 78-அ-வில் இருந்தது. அரசின் திவிநெகும (வாழ்வாதாரத் திட்ட) மசோதாவுக்கு மாகாண சபைகளின் கருத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்ன பிறகு, தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க மீது 14 குற்றச்சாட்டுகள் வந்தன. அவற்றை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில் 11 பேர், அதில் 7 பேர் ஆளும் தரப்பு. டிசம்பர் 6 அன்று அவர் வெளிநடப்புச் செய்தார். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் விலகினார்கள். மிஞ்சிய ஏழு பேர் சாட்சிகளை அவர் இல்லாமலே விசாரித்து, டிசம்பர் 8-ஆம் தேதி அறிக்கை கொடுத்துவிட்டார்கள். இப்படி விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தால்தான் தர முடியும், நிலையியற் கட்டளையால் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 1 அன்று சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை ரத்துச் செய்தது. நாடாளுமன்றம் ஜனவரி 11 அன்று 155-க்கு 49 என்று வாக்களித்தது. இரண்டு நாளில் பதவி போனது.

இந்தியாவில் நேர் எதிர். மக்களவையில் 100 அல்லது மாநிலங்களவையில் 50 உறுப்பினர்களின் கையெழுத்து, 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் விசாரணைக் குழு, பிறகு இரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மீது குழு குற்றத்தை உறுதி செய்தது. மக்களவையில் தீர்மானத்துக்கு 196 வாக்கு ஆதரவு, எதிராக ஒன்றுகூட இல்லை, 205 பேர் வாக்களிக்கவில்லை. தீர்மானம் தோற்றது. தவறு செய்யும் நீதிபதியை அகற்ற வழியே இல்லாத அமைப்பும் சுதந்திரத்துக்குக் கேடுதான். நாளை வெட்டுக்கத்தியோடு வருகிறவருக்கு அந்த ஒரு நீதிபதியே சாக்கு. போலந்திலும் துருக்கியிலும் ஊழல், பழைய கூட்டம் என்ற பேச்சிலிருந்துதான் எல்லாம் தொடங்கின. துருக்கியில் 2016 ஜூலை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கு மறுநாளே 2,745 நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓர் இரவில் அத்தனை பேரை யாரும் விசாரித்திருக்க முடியாது.

நீக்கத்துக்குக் கீழே ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது. தீர்ப்பின் உள்ளடக்கத்துக்காக நடவடிக்கை எடுக்கலாமா என்பதே இங்கே கோடு. தவறான தீர்ப்புக்கு மருந்து மேல்முறையீடு. லஞ்சம், வழக்கை வேண்டுமென்றே தேக்கி வைப்பது, கட்சிக்காரரோடு தனியாகப் பேசுவது ஆகியவற்றுக்குத்தான் ஒழுங்கு நடவடிக்கை. போலந்து இந்தக் கோட்டைத் தாண்டியது. அந்த ஒழுங்கு நடவடிக்கை அமைப்பை நிறுத்தி வைக்கச் சொன்ன உத்தரவை மதிக்காததால், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 அக்டோபரில் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது. கீழமை நீதிமன்றங்களில் இந்த அச்சம் இன்னும் அதிகம். அங்கே ஒரு இடமாற்ற உத்தரவோ ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரியோ போதும்.

பணமும் ஓய்வுக்குப் பிந்தைய பதவியும் பற்றிச் சுருக்கமாக. கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல், நீதிபதிகளின் சம்பளத்தை மாற்றுவதற்கு முன் சுயேச்சையான ஆணையத்தின் பரிந்துரை வேண்டும், அரசு அதை ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடு. இந்தியாவில் தீர்ப்பாய உறுப்பினர்களின் பதவிக்காலத்தை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 4 ஆண்டாக வைத்தது. 5 ஆண்டாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது, 2025 நவம்பரில் அந்தப் பிரிவை ரத்துச் செய்தது. ஓராண்டு வித்தியாசத்தைவிட மறுநியமனம் உண்டு என்பதே உறுத்துகிறது. தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு அரசு. மறுநியமனம் செய்வதும் அரசு. நீண்ட, ஒரே ஒரு பதவிக்காலம்தான் இதற்கு வழி.

பாதுகாப்புக்கு அண்மையில் நடந்த நல்ல முன்மாதிரி ஜெர்மனி. அங்கே அரசியல் சாசன நீதிமன்றத்தின் பல விதிகள் சாதாரணச் சட்டத்தில்தான் இருந்தன. போலந்தைப் பார்த்துவிட்டு 2024 டிசம்பரில், 16 நீதிபதிகள், இரண்டு அமர்வுகள், 12 ஆண்டுப் பதவிக்காலம், மறுதேர்வு கிடையாது, 68 வயது வரம்பு ஆகியவற்றை அரசியல் சாசனத்துக்குள் ஏற்றினார்கள். இனி மாற்ற இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு விதிக்கு ஒரு பின்விளைவு உண்டு: மூன்றில் ஒரு பங்கு வைத்திருக்கும் கட்சி எந்த நியமனத்தையும் நடக்கவிடாமல் செய்யலாம். அதற்காக, ஒரு அவை குறித்த காலத்துக்குள் தேர்வு செய்யாவிட்டால் மற்ற அவை செய்யலாம் என்று வழிவிட்டிருக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்தவர் அடுத்தவர் வரும்வரை தொடரலாம். பூட்டை மட்டும் போட்டுவிட்டு முடக்கத்துக்கு வழி யோசிக்காத அமைப்புகள் காலியிடங்களாலேயே சாகின்றன.

தீர்ப்பை நிறைவேற்றாமல் விடுவது கடைசி ஆயுதம். போலந்து அரசு 2016 மார்ச்சில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை அரசிதழில் அச்சிட மறுத்தது. அச்சில் வராத தீர்ப்பு அமலுக்கு வராது என்பது வாதம். அரசிதழில் பிரசுரிக்கும் பொறுப்பு அரசிடமே இருக்கும் எந்த நாட்டிலும் இது நடக்கலாம். நீதிமன்றப் பதிவாளரே பிரசுரித்தால் போதும் என்று ஒரு வரி சேர்த்தால் அடைபடும் ஓட்டை இது.

எல்லாம் கெட்ட பிறகு சரிசெய்வதுதான் இருப்பதிலேயே சிரமம். இலங்கையில் 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், 2013 நீக்கமே செல்லாது, ஆகவே அடுத்து வந்தவரின் நியமனமும் செல்லாது என்று சொல்லி பண்டாரநாயக்கவைத் திரும்ப உட்கார வைத்தார்கள். அவர் மறுநாளே ஓய்வு பெற்றார். நோக்கம் சரி. ஆனால் பதவியில் இருக்கும் ஒரு தலைமை நீதியரசரை நாடாளுமன்றத்துக்குப் போகாமல் அதிபரின் கடிதத்தாலேயே அகற்றலாம் என்ற முன்னுதாரணமும் கூடவே வந்துவிட்டது.

போலந்தில் சிக்கல் இன்னும் பெரிது. நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் தேசியக் குழுவில் 15 நீதிபதிகளை முன்பு நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள். 2017 சட்டத்துக்குப் பிறகு நாடாளுமன்றக் கீழவை தேர்ந்தெடுத்தது. அந்தக் குழுவின் வழியே வந்த நீதிபதிகள் 2,000-க்கும் மேல். அவர்கள் கொடுத்த விவாகரத்து, வாரிசுரிமை, தண்டனைத் தீர்ப்புகளை எல்லாம் செல்லாது என்றால் சாதாரண மக்கள் தலையில் விழும். அப்படியே விட்டால் கைப்பற்றியவருக்கு லாபம். இதற்கு ஐஸ்லாந்து வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 டிசம்பரில் கொடுத்த மூன்று படிச் சோதனை உதவும். அங்கே புதிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 15 இடங்களில் நான்குக்கு மதிப்பீட்டுக் குழுவின் வரிசையை அமைச்சர் மாற்றியிருந்தார். உள்நாட்டுச் சட்டம் வெளிப்படையாக மீறப்பட்டதா, மீறப்பட்டது நியமன முறையின் அடிப்படை விதியா, உள்நாட்டு நீதிமன்றங்கள் அதை ஒழுங்காகப் பரிசீலித்துப் பரிகாரம் தந்தனவா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். போலந்துக்கு இதைப் பொருத்தினால், முதல் பணியாகக் கீழமை நீதிமன்றத்தில் சேர்ந்த இளம் நீதிபதியையும், குழுவின் புதிய வழியால் உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவர் தொடரலாம், பின்னவரின் பதவி உயர்வைத் தனித்தனியாக, முறையீட்டு உரிமையோடு பரிசீலிக்க வேண்டும். இருவரும் ஏற்கெனவே கொடுத்த தீர்ப்புகள், விசாரணையின்போதே அமர்வின் தகுதியை யாராவது எதிர்த்திருந்தால் தவிர, நிற்க வேண்டும்.